காந்தச் சவுக்கு

பேர்கன், நோர்வே
03.06.2025

நிலக்சனா தங்கச்சிக்கு,

பதினோராம் அத்தியாயம் இத்துடன் வருகிறது. போன முறை நீர் சிவப்புப் பேனையால் திருத்திப் படமெடுத்து அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டு என்ர மனுசி, "உங்களுக்கு இப்பிடி ஒராள் வேணும்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தா. சிரிக்கட்டும். இணைய இதழில் என் தொடரைப் படித்துவிட்டு, 'உங்கள் கிரகம் சுற்றும் பக்கம் பிழை' என்று எழுதிய ஒரே வாசகி நீர்தான். புத்தகமாக வரமுன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஊர்காவற்றுறையில் பௌதிகவியல் படிப்பிக்கிற இந்த ரீச்சரிடம் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

இந்த அத்தியாயத்தில்தான் என் ஆயுதம் வருகிறது. பெயர் காந்தச் சவுக்கு. செத்துச் சுருங்கிப்போன ஒரு நியூத்திரன் விண்மீன். அதன் காந்தப்புலம் பூமியுடையதைவிடக் கோடி கோடி மடங்கு. என் கதாநாயகி அந்தப் புலக்கோடுகளை முறுக்கி எடுத்து, வியாழனைப் போன்ற ஒரு பெரிய கிரகத்தின் புலத்தில் முடிச்சுப்போட்டு, அங்கிருந்து எதிரியின் கப்பல்கள் மீது வீசுகிறாள். வெடி இல்லை, நெருப்பு இல்லை, சத்தமும் இல்லை. கப்பல்களில் உள்ள திசைகாட்டிகள் மட்டும் மெல்லத் திரும்பும். அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'எதிரி கடைசி மூச்சுவரை தான் சரியான பாதையில் போவதாகவே நம்புவான். அதுதான் இந்த ஆயுதத்தின் அழகு.' எப்படி? என்ர வாயால் சொல்லக்கூடாது, ஆனால் நல்லாய்த்தான் வந்திருக்கு.

நீர் எழுவைதீவு யாகப்பு அண்ணையின் மகள் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு உங்கள் ஊர்ப் பெருநாள்தான் ஞாபகம். நயினாதீவிலிருந்து மைக் செற் கொண்டுவருகிறவன் நான்தான். மாதாவின் சுருவச் சிலையை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிவருகிற படகு உம்மட அப்பாவுடையது. அந்தப் படகில்தான் என்ர லவுட்ஸ்பீக்கர்களும் பாடிக்கொண்டு வரும். கடைசியாக வந்த வருசம் உங்கள் ஊர்க்காரர் என்ர யூனிற் ஒன்றைத் துலைச்சுப்போட்டினம். அந்தக் கோபம் இன்னும் இருக்கு, சொல்லிவையும்!

அடியைக் கொஞ்சம் மெதுவாகப் போடவும்.

வாகீசன்


எழுவைதீவு
09.06.2025

அன்புள்ள வாகீசன் அண்ணைக்கு,

உங்கள் சவுக்கு அடிக்காது.

கோபிக்க வேண்டாம். ஒரு காந்தத்திலிருந்து விலகிப் போகப்போக அதன் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று. பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் நட்சத்திரத்தை நிலா இருக்கிற தூரத்தில் கொண்டுவந்து வைத்தால் எங்கள் ஊசிகள் திரும்பும், சரி. வியாழன் இருக்கிற தூரத்துக்குத் தள்ளினால் ஓர் ஊசியும் அசையாது. நீங்கள் அதை ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் வைத்துக்கொண்டு சவுக்கு வீசுகிறீர்கள். என்ர ஓ.எல். பிள்ளைகள் படித்தால் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள். ஊசிக்கு ஆர் பெரியவர் என்று தெரியாது அண்ணை, ஆர் கிட்ட நிற்கிறார் என்றுதான் தெரியும்.

நம்பமாட்டீர்கள் என்று தெரிந்து நேற்றுப் பூசை முடிந்து வந்து செய்தும் பார்த்தேன். அம்மா தையல் சாமான் வைத்திருக்கிற பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. கைக்கு அடங்காத வட்டக் காந்தம். ஊசியெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பாவின் படகைக் கண்டெடுத்தவர்கள் உள்ளே கிடந்த சாமானையெல்லாம் ஓர் உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். அதற்குள் இதுவும் கிடந்தது. அப்பா படகில் பாட்டுக் கேட்கிற ரேடியோவின் ஸ்பீக்கராக்கும். அவருடைய கைபட்ட சாமான் என்று அம்மா அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டா. எனக்கு மட்டும், அதுவும் வருசத்தில் ஒரு நாள், வகுப்பில் இரும்புத்தூள் தூவிப் புலக்கோடு காட்டத் தருவா.

அதைத் திசைகாட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த ஊசி கிழக்கே போய் நின்றது. அப்படியே நின்றது, அசையவில்லை. கோடி கோடி மடங்கு நட்சத்திரம் ஒன்றும் வேண்டாம் அண்ணை. ஒரு கப்பலைத் திசை மாற்ற ஒரு ஸ்பீக்கர் காந்தம் காணும்.

அத்தியாயத்தைத் திருத்தி எழுதுங்கோ. அந்த அறுபத்திரண்டாம் பக்கத்து வரி மட்டும் நல்ல வரி. அதை அப்படியே விடுங்கோ.

நிலக்சனா


பேர்கன்
10.06.2025

தங்கச்சி,

திருத்தங்கள் கிடைத்தன. நன்றி.

ஒரு சின்ன விசயம். அந்தக் காந்தத்தில் ஏதாவது நிறம் பூசியிருக்கிறதா? ஏதாவது எழுதியிருக்கிறதா? அப்பா படகில் கொம்பாசை எங்கே வைப்பார் என்று உமக்கு ஞாபகம் இருக்கிறதா? கதைக்குத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். கெதியாய் எழுதினால் நல்லது.

வாகீசன்


எழுவைதீவு
12.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

வழமையாக நாலு பக்கம் எழுதுகிற மனுசன் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆயுதத்தைப் பிழை சொன்னதில் மனம் நொந்துபோச்சோ?

நிறம் மஞ்சள். பின்பக்கத்தில் 4 என்று தூரிகையால் எழுதியிருக்கு. மற்ற இடமெல்லாம் துரு. பழைய சாமானாக வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கொம்பாஸ் நடுப்பலகைக்குக் கீழே, ஒரு மரப்பெட்டிக்குள். மூடியைத் திறந்துதான் பார்ப்பார். அதற்குக் கிட்ட ஒரு கத்தியைக்கூட வைக்க விடமாட்டார். ஒருமுறை அண்ணா அதன் பக்கத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு வாங்கிய பேச்சு இருக்கே!

நீங்கள் அப்பாவைக் கதைக்குள் கொண்டுவரப் போகிறீர்கள் என்று விளங்குகிறது. அப்படியென்றால் முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன், ஊர்க்கதையைக் கேட்டு எழுத வேண்டாம். 2012 ஐப்பசி, பெருநாள் அன்று பின்னேரம் அப்பா வலைக்குப் போனார். போகும்போது தீவு கண்ணுக்குத் தெரியும், கொம்பாஸ் பார்க்கத் தேவையில்லை. அடுத்த நாள் விடிய வருகிற நேரம் மழை மூட்டம், ஒரு பக்கமும் தெரியவில்லை. மரியதாஸ் மாமாவின் படகு பக்கத்தில் நின்றது. தென்கிழக்கே திரும்ப வேண்டிய இடத்தில் அப்பா தென்மேற்கே திரும்பியிருக்கிறார். மாமா கத்தினாராம், "யாகப்பு, பிழையாப் போறாய்!" என்று. அப்பா பெட்டியைத் திறந்து கொம்பாசைக் கையால் தட்டிக் காட்டி, "நான் சரியாத்தான் போறன், நீங்கள்தான் துலையப் போறியள்" என்று சிரித்தாராம். மாமா கடல் அடிக்கிற பக்கத்தை வைத்துக் கரை சேர்ந்துவிட்டார். அப்பாவின் படகு நாலாம் நாள் நெடுந்தீவுக்கு அங்கால ஒரு கற்பாரில் ஏறிக் கிடந்தது. அப்பா இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

படகுக்குள் பாதிப் போத்தல் சாராயம் கிடந்தது. குளிருக்கு என்று அண்ணா றெக்ஷன்தான் அதைப் பெருநாளன்று வாங்கிக் கொடுத்தவன். அவனுக்கு அப்போது இருபது வயது. வெறியில் கொம்பாசைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டு போய்ச் செத்தான் யாகப்பு, அதுதான் ஊர்க்கதை. இப்போதும் ஆராவது வழி தவறினால் "யாகப்புவின்ர கொம்பாசோ?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அம்மா அன்றையிலிருந்து அண்ணாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் ஊர்காவற்றுறையில் தனியாக இருக்கிறான். திருநாளுக்கு வந்தால் வாசலில் நின்றுவிட்டுப் போவான். பதின்மூன்று வருசமாக அவனுக்கு அம்மாவின் கையால் ஒரு பிடி சோறில்லை. எனக்கு அம்மாவும் வேணும் அவனும் வேணும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் களைத்துப்போனேன்.

எழுதுவதென்றால் பேரை மாற்றி எழுதுங்கோ.

நிலக்சனா


பேர்கன்
06.07.2025

நிலக்சனா,

மூன்று கிழமையாக எழுதி எழுதி அழிக்கிறேன். இனிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உம்மட அப்பா வெறியில் வழி தவறவில்லை. அந்தக் காந்தம் அவருடைய ரேடியோவுடையது அல்ல. அது என்னுடையது.

என்னிடம் நாலு லவுட்ஸ்பீக்கர் இருந்தன. ஒவ்வொன்றின் புனலுக்குப் பின்னாலும் ஒரு யூனிற் பூட்டியிருக்கும், அதன் பின்பக்கமே ஒரு கனத்த காந்தம். வேறு ஆட்களுடையதோடு மாறிப்போகாமல் இருக்க நாலுக்கும் மஞ்சள் பெயின்ற் அடித்து இலக்கம் போட்டிருந்தேன். நாலாம் இலக்கத்தை எழுதும்போது தூரிகை வழுக்கிக் கீழ்க்கால் நீண்டுபோனது. உம்மட காந்தத்தில் பாரும், நீண்டிருக்கும்.

அந்தப் பெருநாளில் சுருவப் படகு பாதி சுற்றி வரும்போது தூறத் தொடங்கியது. நாலாம் யூனிற் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போனால் பழுதாகிவிடும் என்று கழற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, சோடனைத் துணியால் சுற்றினேன். படகு முழுக்க ஈரம். யாகப்பு அண்ணை முன்னுக்குச் சுருவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரைக் கேட்கவில்லை. நடுப்பலகைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஒரு கை போகிற இடைவெளி. படகிலேயே காய்ந்து கிடந்த இடம் அது ஒன்றுதான். உள்ளே தள்ளிவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவும் இல்லை.

கரைக்கு வந்ததும் நயினாதீவுக்குப் போகிற படகு புறப்படப் போகிறது என்று அவதிப்பட்டுக் கம்பியையும் புனலையும் வாரிக்கொண்டு ஓடினேன். வீட்டில் எண்ணிப் பார்த்தால் மூன்று. ஆரோ எடுத்துவிட்டார்கள் என்று உங்கள் பெருநாள் ஆட்களோடு போனில் சண்டை பிடித்தேன். அடுத்த கிழமை செய்தி வந்தது, யாகப்பு குடித்துவிட்டுப் போய்த் துலைந்தார் என்று. நானும் "ஐயோ, நல்ல மனுசன், இந்தக் குடியால போச்சே" என்று சொன்னேன் தங்கச்சி. இந்த வாயால்தான் சொன்னேன். இரண்டு மாதத்தில் இங்கே வந்துவிட்டேன்.

நீர் மஞ்சள் என்று எழுதியதை வாசித்த நேரம் பஸ்ஸில் நின்றேன். இறங்க வேண்டிய இடம் கடந்து கடைசித் தரிப்புவரை போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கில்லை, கேட்கவும் இல்லை. றெக்ஷனிடமும் அம்மாவிடமும் இதைச் சொல்லும்.

வாகீசன்


எழுவைதீவு
07.07.2025

நாலின் கீழ்க்கால் நீண்டுதான் இருக்கிறது.

'எதிரி கடைசி மூச்சுவரை தான் சரியான பாதையில் போவதாகவே நம்புவான். அதுதான் இந்த ஆயுதத்தின் அழகு.' எங்கட அப்பா உங்களுக்கு எதிரியா? நல்ல வரி, விடுங்கோ என்று நானும் எழுதினேனே, கடவுளே! என்ர கையை வெட்டிப்போடலாம் போல இருக்கு.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


பேர்கன்
25.07.2025

நிலக்சனா,

எழுத வேண்டாம் என்றீர். இந்த ஒன்றோடு நிறுத்துகிறேன். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அது உமக்கு ஓர் ஆறுதலும் இல்லை என்று தெரியும். றெக்ஷனுக்குச் சொன்னீரா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேணும். சொல்ல உமக்கு ஏலாவிட்டால் அவனின் நம்பரைத் தாரும், நான் சொல்கிறேன். அவன் இன்னும் ஒரு நாள்கூடத் தான் செய்யாததைச் சுமக்கக்கூடாது.

வாகீசன்


எழுவைதீவு
18.08.2025

வாகீசன் அண்ணைக்கு,

உங்களில் மட்டும் கோபம் என்றால் அன்றைக்கே நாலு பேச்சுப் பேசி முடித்திருப்பேன். எனக்கு என்னில் கோபம். நான் பௌதிகவியல் படித்தவள். ஆறு வருசமாகப் படிப்பிக்கிறவள். பிள்ளைகளிடம், "திசைகாட்டிக்குக் கிட்டக் காந்தம் வைச்சால் என்ன நடக்கும்?" என்று கேட்டு, சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் கைதட்டச் சொன்னவள். கையில் வைத்திருந்தது அந்தக் காந்தம்! அப்பாவின் ரேடியோ என்ர உள்ளங்கையளவு. அதற்குள் இந்தக் காந்தம் எந்தக் காலத்திலும் போகாது. ஒரு நாளாவது அளந்து பார்த்தேனா? ஊர் சொன்னதை நானும் நம்பினேன். அப்பாவின் மகள் நானே நம்பினேன்.

ஒரு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலில் எனக்கு நிச்சயம் வேணும். அப்பாவின் கொம்பாசும் அந்த உரப்பைக்குள் வந்தது. கண்ணாடி வெடித்தாலும் ஊசி சுற்றுகிறது. மரியதாஸ் மாமாவின் படகில் அதே மாதிரி நடுப்பலகைக்குக் கீழே பெட்டியை வைத்து, பின்னால் காந்தத்தைத் துணியால் சுற்றித் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்தேன். வடக்கு கிழக்காகி நின்றது. வடக்கு கிழக்கானால் தென்கிழக்கு என்று நினைத்துப் போகிறவன் தென்மேற்கே போவான். கணக்கு இவ்வளவுதான். கொப்பியில் இரண்டு வரி. மாமா பார்த்துக்கொண்டு நின்றவர் படகுப் பலகையில் அப்படியே குந்திவிட்டார். "அவன் காட்டினவன் பிள்ளை, நான் எட்டிப் பாக்கேல்லை. வெறியெண்டு நினைச்சிட்டன்" என்று தலையில் அடித்தார்.

நேற்று ஞாயிறு. அண்ணாவைக் கட்டாயம் வா என்று கூப்பிட்டேன். வந்து வழமை போல வாசலில் நின்றான். அம்மாவை மேசைக்குப் பக்கத்தில் இருத்திக் கொம்பாசையும் காந்தத்தையும் முன்னால் வைத்து, உங்கள் கடிதத்தை முழுவதுமாக வாசித்தேன். அம்மா ஊசி திரும்புவதைப் பார்த்தா. காந்தத்தைத் தள்ளி வைக்கச் சொன்னா, பார்த்தா. திரும்பக் கிட்ட வைக்கச் சொன்னா, பார்த்தா. நாலைந்து தரம்.

"அப்ப அந்தாள் கொம்பாசைக் காட்டினது வெறியில இல்லை?"

"இல்லை அம்மா."

"கொம்பாஸ் காட்டின பக்கம்தான் வந்தவர்."

"ஓம் அம்மா."

பிறகு காந்தத்தை எடுத்து அதில் ஒட்டியிருந்த தையல் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ரின்னுக்குள் போட்டா. இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டா. முடித்துவிட்டுக் குசினிக்குள் போனா. சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து, "றெக்ஷன், கையைக் கழுவிப்போட்டு வா" என்றா.

அண்ணா வரவில்லை. வாசற்படியிலேயே இருந்துகொண்டு என்னைப் பார்த்து, "அப்பரைக் கொன்றவன் எண்டுதான் நான் என்னை நினைச்சுக்கொண்டிருந்தனான். கலியாணம் வேண்டாமெண்டு சொன்னதும் அதாலதான். இப்ப நான் இல்லையெண்டால், அந்தப் பதின்மூண்டு வருசத்தை நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்றான். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கோ. கடைசியில் அம்மாவே கோப்பையைக் கொண்டுவந்து படியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தா. அவன் ஒரு வாய் வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதான். அம்மாவும் அழுதா. நான் முற்றத்தில் போய் நின்றுகொண்டேன்.

பின்னேரம் அம்மா உங்களைப் பற்றிக் கேட்டா. "மழையில நனையாமல் வைச்சதெண்டோ எழுதியிருக்கிறார்?" ஓம் என்றேன். "அவ்வளவு கவனமா வைச்சவருக்கு எடுக்க ஞாபகம் இல்லையாமோ?" என்றா. அதற்கு மேல் உங்களைத் திட்டவில்லை. ஆனால் ஒன்று சொன்னா, அதை அப்படியே எழுதுகிறேன்.

"கடிதமெல்லாம் எனக்கு வேண்டாம் பிள்ளை. பெருநாளண்டைக்கு இஞ்ச வந்து மைக்கில சொல்லச் சொல்லு. யாகப்பு வெறியில போகேல்லை எண்டு அந்தாள் தன்ர வாயால சொல்லவேணும். சிரிச்ச சனம் முழுக்க அண்டைக்குக் கரையிலதான் நிக்கும்."

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேட வேண்டாம். வருவீர்களா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கோ. அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பா.

நிலக்சனா


பேர்கன்
19.08.2025

நிலக்சனா தங்கச்சிக்கு,

றெக்ஷன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அதை என்னிடம்தான் கேட்க வேணும். நேரில் கேட்கட்டும், நான் முன்னால் நிற்கிறேன்.

ரிக்கற் எடுத்துவிட்டேன். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக எழுவைதீவில் இறங்குவேன். என்ன சொல்வதென்று எழுதிவைக்கப் பார்த்தேன், பத்துப் பக்கம் வந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். யாகப்பு அண்ணை சரியாகத்தான் வந்தார், பிழை நான் வைத்தது. இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தாலும் செய்யட்டும்.

அம்மாவிடம் ஓம் என்று சொல்லும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மைக் செற்றை ஒரு படகிலும் ஏற்ற விடாதேயும். மாதா இந்த ஒரு வருசம் பாட்டில்லாமல் தீவைச் சுற்றி வரட்டும். நான் கரையில் நின்று சொல்கிறேன்.

வாகீசன்